டிஸ்கவுண்ட் கடைக் கூடை, நம்ம ஊர் கடாய்: ஜெர்மனிக்குப் புதுசா வந்த குடும்பத்துக்கு ராத்திரி சாப்பாடு

டோர்ட்முண்டுக்கு நாங்க வந்த முதல் மாசம் சாப்பாட்டுச் செலவக் கூட்டிப் பாத்துட்டு எங்க வீட்டுக்காரர் "நாம என்ன தினமும் விருந்தா வச்சோம்?"னு கேட்டாரு. விருந்தெல்லாம் இல்லங்க, ஊர்ல செய்ற அதே சாம்பார், வெண்டக்கா பொரியல், கத்திரிக்கா காரக்குழம்புதான், ஆனா அந்த வெண்டக்கா பிளேன் ஏறி வந்தது, ஒரு கைப்பிடி முருங்கக்காவுக்குக் குடுத்த காசுல இங்க முட்டைகோஸ் வாங்கிருந்தா ஒரு வாரம் ஓட்டிருக்கலாம். இப்ப நாங்க ரெண்டு பேரு, பசங்க ரெண்டு பேரு, ராத்திரி சாப்பாடு ஒரு வேளைக்கு மூணுலருந்து ஆறு யூரோக்குள்ள முடிஞ்சிருது, கோழி வைக்கிற நாள் கூட அதத் தாண்டாது. எப்படின்னு புதுசா வந்தவங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கும் ஃபோன்ல சொல்லி வாய் வலிக்குது, அதான் எழுதிட்டேன். விலை ஏறும் இறங்கும், நான் சொல்ற காசெல்லாம் ஒரு குத்துமதிப்புன்னு வச்சுக்கோங்க.

மெனுவ வீட்டுல முடிவு பண்ணாதீங்க

நான் பண்ணுன பெரிய தப்பு இதுதான். இன்னைக்கு கத்திரிக்கா குழம்புன்னு வீட்டுலயே முடிவு பண்ணிட்டுக் கெளம்புவேன், கடையில கத்திரிக்கா ஒத்த காய் ஒரு யூரோவுக்கு மேல இருக்கும், முடிவு பண்ணியாச்சேன்னு வாங்கிட்டு வந்துருவேன். இங்க அதத் திருப்பிப் போடணும். கடையில எது மலிவா குமிஞ்சு கெடக்குதோ அத எடுத்துட்டு வந்து, இதுக்கு எந்தக் குழம்பு ஒத்து வரும்னு அப்பறமா யோசிக்கணும். யோசிச்சுப் பாத்தா எங்கம்மா சந்தையில செஞ்சதும் இதேதான், பொழுது சாயுற நேரமாப் பாத்துப் போயி, கூறு கட்டி விக்கிறதுல எது சல்லிசோ அத அள்ளிட்டு வருவாங்க, மறுநாள் குழம்பு அந்தப் பைக்குள்ளதான் இருக்கும். நாமதான் பிளேன் ஏறுன உடனே அத மறந்துட்டோம்.

கடைய முதல்ல தெரிஞ்சுக்கோங்க

ஆல்டி, லிடில், பென்னி, நெட்டோ, நோர்மா, இதெல்லாம் டிஸ்கவுண்ட் கடைங்க. ரேவே, எடேகா பெரிய சூப்பர்மார்க்கெட், அங்க பொருள் ரகம் ஜாஸ்தி, ஆனா அவங்களும் மாவு, பால், பாஸ்தா மாதிரி அடிப்படைப் பொருளுக்குச் சொந்த பிராண்டுல மலிவு ரகம் வச்சிருக்காங்க, அது டிஸ்கவுண்ட் கடை விலைக்குப் பக்கத்துலதான் இருக்கும், அதனால வீட்டுக்கு எதுத்தாப்ல ரேவே இருந்தா பஸ் ஏறி ஆல்டிக்குப் போயே ஆகணும்னு இல்ல.

ஆல்டின்னா ஆல்பிரெக்ட் டிஸ்கவுண்ட், பேரச் சுருக்கி வச்சது. பக்கத்துல எஸ்ஸன்ங்கிற ஊர்ல அம்மா வச்சிருந்த சின்ன மளிகைக் கடைய கார்ல், தியோன்னு அண்ணன் தம்பி ரெண்டு பேரு எடுத்து நடத்துனாங்க, சிகரெட் விக்கலாமா வேணாமான்னு தகராறு வந்து 1960கள்ல பாகம் பிரிச்சுக்கிட்டாங்க, அதனாலதான் வடக்க ஒரு ஆல்டி, தெக்க ஒரு ஆல்டி. ஆல்டிங்கிற பேர்ல முதல் கடை 1962ல எங்க டோர்ட்முண்டுலதான் தொறந்தாங்கன்னு தெரிஞ்சப்ப எனக்குக் கொஞ்சம் பெருமையாக்கூட இருந்துச்சு, எனக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்காதீங்க. எதுக்கு மலிவுன்னா, ரகம் கம்மி, பாதிக்கு மேல சொந்த பிராண்டு, அட்டைப்பெட்டியக் கிழிச்சு அப்படியே அடுக்கிருவாங்க, ஆளு கம்மி. தரம் மோசம்னு நெனச்சுறாதீங்க, நம்ம ஊர்ல மலிவுன்னா ஒரு சந்தேகம் வரும்ல, இங்க அது வேணாம்.

போறதுக்கு முன்னாடி

பையில ஒரு யூரோ காசு ஒண்ணு எப்பவும் இருக்கணும், தள்ளுவண்டி எடுக்க. 50 சென்ட்டும் போகும், வண்டியத் திருப்பி விட்டா காசு திரும்ப வந்துரும். வீட்டுலருந்து நல்ல பெரிய துணிப்பை ரெண்டு கொண்டு போங்க, கடைப்பைக்குக் காசு. ஞாயித்துக்கிழமை கடை கெடையாது, அரசு விடுமுறை அன்னைக்கும் கடை கெடையாது. ஈஸ்டர்ல வெள்ளி, ஞாயிறு, திங்கள் மூணு நாளும் மூடிருவாங்க, நடுவுல இருக்குற சனிக்கிழமை போனீங்கன்னா நாளைக்கே உலகம் அழியப் போற மாதிரி ஜனம் வண்டிய ரொப்பிக்கிட்டு நிக்கும்.

கஸ்ஸாவுல, அதான் பில் போடுற எடத்துல, அந்த அக்கா பொருளத் தள்ளுற வேகத்துக்கு நாம பையில அடுக்க முடியாது, முதல் தடவ எனக்குக் கையெல்லாம் நடுங்கிருச்சு. அடுக்க முயற்சியே பண்ணாதீங்க, எல்லாத்தையும் வண்டியில அப்படியே போட்டுக்கிட்டு, காசு குடுத்துட்டு, கண்ணாடி ஓரமா ஒரு மேடை இருக்கும், அங்க போயி நிதானமா அடுக்கிக்கோங்க. எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க.

பாட்டில் சமாச்சாரம் ஒண்ணு. தண்ணி, ஜூஸ் பிளாஸ்டிக் பாட்டிலு, டின்னு வாங்குறப்ப விலைக்கு மேல 25 சென்ட் ஃபாண்டுன்னு பிடிச்சுக்குவாங்க, காலி பாட்டில கடையில இருக்குற மிஷின்ல போட்டா சீட்டு வரும், அத பில்லுல கழிச்சுக்கலாம். நாங்க முதல் ரெண்டு மாசம் பாட்டிலையெல்லாம் நசுக்கிக் குப்பையில போட்டோம். நசுக்குனா மிஷின் எடுக்காது. எத்தனை யூரோ போச்சோ, நான் கணக்குப் பாக்கல, பாத்தா தூக்கம் வராது.

விலைச்சீட்டு படிக்கிற வித்தை

ஷெல்ஃபுல பெரிய எழுத்துல இருக்குற விலையப் பாக்காதீங்க. அதுக்குக் கீழ பொடி எழுத்துல ஒரு கிலோவுக்கு இவ்ளோ, ஒரு லிட்டருக்கு இவ்ளோன்னு போட்டிருப்பாங்க, சட்டப்படி போட்டே ஆகணும், குருண்ட்பிரைஸ்னு பேரு. அதத்தான் ஒப்பிட்டுப் பாக்கணும். அரிசி ஒரு உதாரணம்: சின்னச் சின்ன துளை போட்ட பிளாஸ்டிக் பையில அளவு கட்டி, பையோட கொதிக்க விடுற மாதிரி ஒரு அரிசி விக்கிறாங்க, பாக்க மலிவா தெரியும், கிலோ கணக்குப் பாத்தா சாதாரண பாக்கெட்ட விட நல்லா ஜாஸ்தி. அரிசி வடிக்கத் தெரியாதவங்களுக்கு அது, நமக்கெதுக்கு.

தேதி ரெண்டு விதமா இருக்கும். "மிண்டெஸ்டன்ஸ் ஹால்ட்பார் பிஸ்"னு இருந்தா அதுவரைக்கும் நல்லாருக்கும்னு உத்தரவாதம், அதுக்கப்பறம் மோந்து பாத்து, ருசிச்சுப் பாத்துப் பயன்படுத்தலாம், தயிரெல்லாம் அதுக்கப்பறமும் பல நாள் நல்லாத்தான் இருக்கு. "ட்ஸு ஃபெர்பிராவ்ஹன் பிஸ்"னு இருந்தா, கைமா, கோழி மாதிரி ஐட்டத்துல இருக்கும், அந்தத் தேதியத் தாண்டுனா தூரப் போட்ருங்க, அதுல சிக்கனம் பாக்காதீங்க. தேதி நெருங்குனதுக்கு 30 சதவீதம் தள்ளுபடின்னு கலர் ஸ்டிக்கர் ஒட்டிருப்பாங்க, அன்னைக்கே சமைக்கிறதா இருந்தா அதுதான் நமக்கு லாட்டரி.

அப்பறம் கறி பேரு. ரிண்ட்னா மாடு, ஷ்வைன்னா பன்னி, ஹேன்ஷென் கோழி, பூட்டெ வான்கோழி. கைமா பாக்கெட்டுல "கெமிஷ்ட்"னு இருந்தா மாடும் பன்னியும் கலந்தது, சாப்பிடாதவங்க பாத்து எடுங்க. "கெலாட்டினெ"ன்னு ஜெல்லி மிட்டாய்ல இருக்கும், சில டெசர்ட் கப்புலயும் இருக்கும், அது பெரும்பாலும் பன்னித்தோல்லருந்து வர்றது, பசங்களுக்கு வாங்குறவங்க கவனம்.

கீரை கதைய சொல்லியே ஆகணும். ஃப்ரீசர்ல ஷ்பினாட்னு எழுதி பச்சையா படம் போட்ட பொட்டி, அதுல முன்னாடி "ராம்"னு இருந்துச்சு, ராம்ஷ்பினாட், நம்ம சாமி பேரா இருக்கேன்னு சிரிச்சுக்கிட்டே வாங்கிட்டு வந்து பருப்பு கூட போட்டுக் கடைஞ்சு பூண்டு தாளிச்சு வச்சேன். பெரியவன் ஒரு வாய் வச்சுட்டு "அம்மா இதுல என்னமோ பாலாடை வாசம் வருது"ன்னான். ராம்னா க்ரீம். க்ரீம் போட்டு மசிச்ச கீரைய நான் கடைஞ்சிருக்கேன். நீங்க எடுக்க வேண்டியது "பிளாட்ஷ்பினாட்", வெறும் இலை, வேற ஒண்ணும் சேக்காதது.

எது எதுக்கு ஆகும்

இதுதான் முக்கியமான பகுதி, இத மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கிட்டாலும் போதும்.

ரோட்டெ லின்ஸன், செவப்பா உடைச்ச பருப்பு, நம்ம மைசூர் பருப்பேதான். அரை கிலோ பாக்கெட், ரெண்டு யூரோக்குள்ள. ஊற வைக்க வேணாம், குக்கர் வேணாம், கால் மணி நேரத்துல வெந்துரும். துவரம்பருப்ப நான் இப்ப பண்டிகைக்கு மட்டுந்தான் எடுக்குறேன். முதல் தடவ எங்க ஏரியா இலங்கைத் தமிழ்க் கடையில மைசூர் பருப்பு கேட்டப்ப கடைக்கார அண்ணையே சொன்னாரு, "பிள்ளை, பருப்ப என்னட்ட எடுக்காதேங்கோ, ஆல்டியில மலிவு, மிளகாய்த்தூள மட்டும் இங்க வாங்குங்கோ"ன்னு. தன் வியாபாரத்தத் தானே கெடுத்துக்கிட்ட அந்த மனுஷங்கிட்டதான் இன்னைக்கு வரைக்கும் மசாலா வாங்குறேன்.

அரிசியில "பார்பாயில்ட்"னு இருந்தா அது நம்ம புழுங்கல், உதிரியா வரும், சாம்பார் சாதத்துக்கும் தக்காளி சாதத்துக்கும் சரி. "மில்ஷ்ரைஸ்"னு குண்டு குண்டா ஒண்ணு இருக்கும், ஜெர்மன்காரங்க பால்ல போட்டு சக்கரை தூவி சாப்பிடுறது, அத வாங்கி வெண்பொங்கல் செஞ்சு பாருங்க, தயிர் சாதம் செஞ்சு பாருங்க, குழைஞ்சு வர்ற அழகே தனி. அரை கிலோ ஒரு யூரோ சுத்தி.

ரவை வாங்குறப்ப ஏமாந்துறாதீங்க. "வைஹ்வைட்ஸன்கிரீஸ்" மெத்து கோதுமை ரவை, கொழந்தைக் கஞ்சிக்கு ஆகும், உப்புமா கிண்டுனா பசை மாதிரி ஆயிரும். "ஹார்ட்வைட்ஸன்கிரீஸ்"னு தேடி எடுங்க, கெட்டி கோதுமை ரவை, வறுத்துப் போட்டா பொலபொலன்னு வரும். மெத்து ரவை மட்டுந்தான் கெடச்சுதுன்னா நல்லா செவக்க வறுத்து, தண்ணியக் கொறைச்சுப் பாருங்க, ஓரளவு தேறும்.

மாவுல 405ன்னு நம்பர் போட்டது மைதா மாதிரி. அதுல சப்பாத்தி போட்டா ரப்பர். முழு கோதுமை மாவு, "ஃபோல்கோர்ன்"னு இருக்கும், அதுவும் 405ம் பாதிக்குப் பாதி கலந்து வெதுவெதுப்பான தண்ணியில பிசைஞ்சு அரை மணி நேரம் மூடி வையுங்க, நம்ம ஆட்டாவுக்கு நெருக்கமா வந்துரும்.

காய்கறிக்கு வருவோம். கேரட், முட்டைகோஸ், வெங்காயம், உருளை, இந்த நாலும் வருஷம் பூராவும் மலிவு. முட்டைகோஸுல கூம்பு மாதிரி கூரா ஒண்ணு வரும், ஷ்பிட்ஸ்கோல், உருண்டை கோஸ விட மெத்துன்னு இருக்கும், அஞ்சு நிமிஷத்துல பொரியல் ஆயிரும். கோல்ராபின்னு இலையோட விக்கிறது வேற ஒண்ணும் இல்ல, நம்ம நூக்கோல், சாம்பார்ல போடுங்க, இலைய வெட்டிக் கீரை மாதிரி பொரியல் பண்ணுங்க, இங்க நெறைய பேரு இலையக் கடையிலயே பிச்சுப் போட்டுட்டுப் போறாங்க, எனக்கு வயிறு எரியும். வெள்ளை முள்ளங்கி ரெட்டிஹ்ங்கிற பேர்ல வரும். வேக வச்ச பீட்ரூட்ட வேக்கம் பாக்கெட்ல அடைச்சு விக்கிறாங்க, வெட்டி தாளிச்சா பொரியல் ரெடி, வேலை முடிஞ்சு ஏழு மணிக்கு வீட்டுக்குள்ள நொழையுற நாளுக்கு அது. இலையுதிர் காலத்துல ஹொக்கைடோன்னு ஆரஞ்சு பூசணி வரும், தோல் சீவக்கூட வேணாம், தோலோடயே வெந்துரும், புளிக்குழம்பு வையுங்க.

உருளையில மூணு ரகம். "ஃபெஸ்ட்கோஹெண்ட்" கெட்டி ரகம், வறுவலுக்கு. "மேலிஹ்" மாவு ரகம், பூரி மசாலுக்கு. நடு ரகம் ஒண்ணு இருக்கு, எதுலயும் போடலாம். பெரும்பாலும் பை கலர்லயே கண்டுபிடிச்சுறலாம், கெட்டிக்குப் பச்சை, நடுவுக்கு செவப்பு, மாவுக்கு நீலம். மாவு உருளைய வறுவலுக்குப் போட்டு கடாய்ல களி கிண்டுன அனுபவம் எனக்கு உண்டு.

ஃப்ரீசர்ல பீன்ஸ், பட்டாணி, வெறும் இலைக்கீரை, இந்த மூணும் எப்பவும் வீட்டுல இருக்கட்டும். குளிர்காலத்துல ஃப்ரெஷ் பீன்ஸ் விக்கிற விலைக்கு அது எவ்ளவோ மேல்.

தக்காளி குளிர்காலத்துல விலையும் ஜாஸ்தி, ருசியும் கெடையாது, அட்டை டப்பாவுல வர்ற மசிச்ச தக்காளி, "பாஸியெர்டெ டொமாட்டன்", அரை கிலோ ஒரு யூரோக்கு முன்னப்பின்ன, குழம்புக்கும் ரசத்துக்கும் அதான். தேங்காய்க்கு பேக்கிங் சாமான் வரிசையில போயி "கோகோஸ்ராஸ்பெல்" பாருங்க, காய்ஞ்ச தேங்காத்துருவல், வெந்நீர்ல பத்து நிமிஷம் ஊற வச்சு அரைச்சா கூட்டுக்குப் போதும், சட்னிக்குக் கொஞ்சம் சுமார்தான், உண்மையச் சொல்லணும்ல. தேங்காப்பால் டின், ஏசியா வாரம்னு அப்பப்ப ஒரு ஆஃபர் வரும் அப்ப நாலஞ்சு சேத்து எடுத்து வச்சுக்கோங்க.

மசாலா, புளி, பெருங்காயம், கடுகு, உளுந்து, கறிவேப்பிலை மட்டும் தமிழ்க் கடையில, ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ. நாங்க ஹம்ங்கிற ஊர்ல இருக்குற காமாட்சி அம்பாள் கோயிலுக்குப் போற அன்னைக்கு வழியில வேலைய முடிச்சுக்குவோம். கறிவேப்பிலைய கழுவித் துடைச்சு டப்பாவுல போட்டு ஃப்ரீசர்ல வச்சுட்டா தாளிப்புக்கு நேரா உதுத்துக்கலாம். டிஸ்கவுண்ட் கடையில கறிப்பொடின்னு ஒரு மஞ்சப் பொடி விப்பாங்க, அந்தப் பக்கமே போகாதீங்க.

ஒரு ராத்திரி, அடுப்படியிலருந்து

திங்கக்கிழமை எங்க வீட்டுல கோஸ் கூட்டு. நான் வீட்டுக்கு வர்றது ஆறே கால். முதல் வேலை அரிசி, புழுங்கல் ரெண்டு டம்ளர் கழுவி நாலு டம்ளர் தண்ணி ஊத்தி பின்னாடி அடுப்புல வச்சுருவேன். இந்த கண்ணாடி அடுப்பு சூடாகவும் நேரம் எடுக்கும், ஆறவும் நேரம் எடுக்கும், கேஸ் மாதிரி சட்டுனு கொறைக்க முடியாது, அதனால தண்ணி கொதிச்ச உடனே குறைஞ்ச சூட்டுக்குத் திருப்பி மூடி போட்டுறணும், அரிசி பாதி வெந்தப்பறம் அணைச்சே விட்டாலும் அந்தச் சூட்டுலயே வெந்துரும், கரண்டும் மிச்சம்.

முன்னாடி அடுப்புல மைசூர் பருப்பு ஒரு டம்ளர், 200 கிராம் இருக்கும், மூணு தடவ கழுவி, மூணு டம்ளர் தண்ணி, மஞ்சத்தூள், ஒரு சொட்டு எண்ணெய். எண்ணெய் எதுக்குன்னா இந்தப் பருப்பு பொங்குற பொங்கு சொல்லி மாளாது, நுரைய ரெண்டு தடவ கரண்டியில வழிச்சும் போடணும், இல்லன்னா கண்ணாடியில வழிஞ்சு காய்ஞ்சு அத சொரண்டவே தனியா ஒரு பிளேடு வேணும். அது கொதிக்கிற நேரத்துல பாதி ஷ்பிட்ஸ்கோஸ பொடியா நறுக்கிருவேன். எட்டு நிமிஷத்துல பருப்பு பாதி கரைஞ்ச பதத்துல வரும், அப்ப கோஸையும் உப்பையும் போட்டு மூடுங்க. ஊறுன தேங்காத்துருவல் மூணு ஸ்பூன், சீரகம் ஒரு ஸ்பூன், பச்ச மிளகா ஒண்ணு, அரைச்சு ஊத்தி ஒரு கொதி. இந்த எடத்துல சின்னவளுக்குத் தனியா ஒரு கிண்ணத்துல எடுத்துருவேன், கிட்டாவுல, அதான் சின்னப் பசங்க பகல்ல இருக்குற காப்பகத்துல, ஜெர்மன் சாப்பாடு சாப்பிட்டுப் பழகி இப்ப மிளகாய் பட்டாலே அழுறா, மிச்சத்துக்குத்தான் கடுகு, உளுந்து, வர மிளகா, கறிவேப்பிலை தாளிப்பு. தாளிக்கிறப்ப ஜன்னலத் தொறந்து, சமையக்கட்டுக் கதவ மூடிருங்க, வீட்டுக்குள்ள புகை அலாரம் இருக்கும், ஒரு தடவ அது கத்துன கத்துல மேல் வீட்டு பாட்டி எறங்கி வந்துட்டாங்க.

கணக்கு பாத்தா பருப்பு முக்கா யூரோ, கோஸ் முக்கா யூரோ, அரிசி ஒரு யூரோக்குள்ள, தேங்கா தாளிப்பு அம்பது சென்ட். மூணு யூரோவுல நாலு பேரு, மறுநாள் எங்க வீட்டுக்காரர் ஆபீசுக்கு ஒரு டப்பாவும் கெளம்பிரும்.

கோழி, முட்டை, மீன்

கோழி நெஞ்சுக்கறி, எலும்பில்லாதது, அதான் விலை ஜாஸ்தி, ருசி கம்மி. "ஹேன்ஷென்ஷெங்கல்", முழு கால், முதுகுத் துண்டோட வர்றது கிலோ நாலு யூரோ கணக்குல இருக்கும், மூட்டுல கத்திய வச்சா ரெண்டா பிரிஞ்சுரும், எலும்பு இருந்தாத்தான குழம்பு குழம்பா இருக்கும்.

அதவிட நல்ல ரகசியம் ஃப்ரீசர்ல படுத்துக்கெடக்குற "சூப்பன்ஹூன்". முட்டை போட்டு முடிஞ்ச வயசான கோழி, முழுசா, நான் வாங்குறப்பல்லாம் நாலஞ்சு யூரோ. ஜெர்மன்காரங்க சூப்புக்கு எடுப்பாங்க. இறுக்கமா, கொஞ்சம் கொழுப்பா, மெல்லுறதுக்கு நம்ம ஊர் நாட்டுக்கோழி மாதிரி இருக்கும். முதல் நாளே ஃபிரிட்ஜுல கீழ எறக்கி வையுங்க, ஒரு நாள் முழுசா ஆகும் ஐஸ் விட. அப்பறம் குக்கர்ல மஞ்சள், இஞ்சி, பூண்டு, உப்பு போட்டு முக்கா மணி நேரம் விடுங்க. சனிக்கிழமை அந்தத் தண்ணிய மிளகு சீரகம் தட்டிப் போட்டு ரசமாக் குடிப்போம், ஞாயித்துக்கிழமை கறிய எலும்போட மல்லி மிளகு வறுத்து அரைச்ச குழம்பு, எலும்புல ஒட்டுன மிச்சத்த பிச்சு திங்கக்கிழமை, அந்த வாரம் மட்டும் கோஸ் கூட்டுக்குப் பதிலா, முட்டை உடைச்சு ஊத்தி, பழைய சப்பாத்திய பிச்சுப் போட்டு கொத்து. ஒரு கோழி மூணு வேளை.

முட்டையில அச்சடிச்ச நம்பரோட முதல் எழுத்தப் பாருங்க, 0 ஆர்கானிக், 1 வெளிய மேயுற கோழி, 2 கொட்டகைக் கோழி, 3 கூண்டுக் கோழி. கடையில மலிவா இருக்குறது 2. பத்து முட்டை வாங்குனா ஒரு ராத்திரி முட்டைக் குழம்பு, ஒரு ராத்திரி ஆம்லெட்டும் ரசமும்.

மீன்ல "ஸேலாக்ஸ்"னு எழுதிருந்தா சால்மன்னு நெனச்சுறாதீங்க, வெறும் லாக்ஸ்தான் சால்மன், ஸேலாக்ஸ் வேற வெள்ளை மீன், மலிவு. குழம்புல போட்டா கரண்டி பட்டாலே ஒடைஞ்சுரும். குழம்பு நல்லா சுண்டி எண்ணெய் பிரிஞ்சப்பறம் மீனப் போட்டு, அடுப்ப அணைச்சு, மூடி வச்சுருங்க, கெளறவே கூடாது. முள்ளு மீன் ருசி வராதுதான், ஆனா பசங்களுக்கு ஊட்ட நிம்மதி.

வெள்ளிக்கிழமை அடுப்புக்கு லீவு

ஜெர்மன்காரங்க ராத்திரி சாப்பாட்ட ஆபெண்ட்பிரோட்னு சொல்வாங்க, பொழுது சாஞ்ச ரொட்டின்னு வச்சுக்கோங்க, ரொட்டி, சீஸ், வெள்ளரிக்கா, அவ்ளோதான், அடுப்பே பத்த வைக்கிறதில்ல. முதல்ல கேட்டப்ப எங்கம்மா ஃபோன்ல "அய்யோ பாவம், ராத்திரிக்குச் சோறில்லையா"ன்னாங்க. இப்ப வெள்ளிக்கிழமை எங்க வீட்டுலயும் அதான், பசங்களுக்குத் திருவிழா மாதிரி. ரொட்டி, அவிச்ச முட்டை, கேரட்டு, கூடவே குவார்க். குவார்க்னா வடிகட்டுன கெட்டித் தயிர் மாதிரி, அரை கிலோ டப்பா, விலை கம்மி, உப்பு, பொடியா நறுக்குன வெங்காயம், மல்லித்தழை, கொஞ்சம் கடுகு தாளிச்சுக் கொட்டுனா பச்சடி, ரொட்டியில தடவிச் சாப்பிடலாம். எங்க வீட்டுக்காரர் மட்டும் அதச் சாப்பிட்டுட்டு பத்து மணிக்கு மேல ரகசியமா தயிர் சாதம் தேடுவாரு.

தயிர் நாமளே ஒறை ஊத்தலாம். அட்டை டப்பாவுல வர்ற, சீக்கிரம் கெட்டுப்போகாத பால், "ஹா மில்ஷ்", காய்ச்ச வேணாம், கை பொறுக்குற சூடு பண்ணி ரெண்டு ஸ்பூன் கடைத்தயிர் கலந்து, ஓவனுக்குள்ள லைட்ட மட்டும் போட்டு ராத்திரி வச்சா காலையில கத்தியில வெட்டலாம்.

முதல் தடவ போறவங்களுக்குக் கூடை

இத அப்படியே எழுதிக்கிட்டுப் போங்க: மைசூர் பருப்பு ரெண்டு பாக்கெட், புழுங்கல் அரிசி ரெண்டு கிலோ, மில்ஷ்ரைஸ் ஒண்ணு, கெட்டி ரவை ஒண்ணு, சூரியகாந்தி எண்ணெய் இல்லன்னா ராப்ஸ் எண்ணெய் (கடுகு இனத்து விதையில எடுக்குறது), எது மலிவோ அது, வெங்காயம் ஒரு பை, உருளை ஒரு பை, கேரட் ஒரு கிலோ, ஷ்பிட்ஸ்கோல் ஒண்ணு, மசிச்ச தக்காளி மூணு, இலைக்கீரை ரெண்டு, ஃப்ரீசர் பீன்ஸ் ஒண்ணு, முட்டை பத்து, தயிர் ஒரு டப்பா, பால் ரெண்டு, தேங்காத்துருவல் ஒண்ணு, கோழிக்கால் ஒரு கிலோ. முதல் வாரம் கொஞ்சம் ஜாஸ்தி வரும், எண்ணெயும் அரிசியும் அடுத்த வாரத்துக்கும் நிக்கும்ல.

திங்களும் வியாழனும் புது ஆஃபர் மாறும், கடையோட ஆப்புல நோட்டீஸ் பாக்கலாம், சனிக்கிழமை சாயங்காலம் போனா ஞாயிறு மூடுறதுக்கு முன்னாடி கறி, ரொட்டி, காயில ஸ்டிக்கர் ஒட்டுனது கெடைக்கும், ஆனா அத நம்பி வாரத்துக்கு வேண்டியத வாங்காம இருந்துறாதீங்க, சில சனிக்கிழமை ஒண்ணுமே இருக்காது. வீட்டுக்கு நடந்து வர்றவங்க உருளையையும் எண்ணெயையும் பைக்கு அடியில வையுங்க, கோழியத் தனிக் கவர்ல சுத்தி ஓரமா, முட்டைய மட்டும் பசங்க கையில குடுத்துறாதீங்க.